பூஜைத் தட்டில் இரண்டு சாவி

நான் கையெழுத்துப் போடும் இடத்தில் பெயருக்குக் கீழே 'கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி' என்று அச்சடித்திருக்கும். அந்தப் பாதுகாப்பு அதிகாரி ஒரு ஆயுத பூஜை அன்று ஒரு தொழிற்பேட்டை முழுவதையும் நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். யாருக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை. விழுவதற்கு வழியும் இருக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களே, அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்கள் என்ன கிழித்திருப்பீர்கள்?

பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ராணிப்பேட்டையில் பாய்லருக்குக் குழாய் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. வேலூரில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். குழாயில் போட்ட வெல்டிங்கில் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. அதற்குக் கேமரா என்று பெயர் (போட்டோ எடுக்கிற கேமரா என்று நினைத்துக்கொண்டு அதன் முன்னால் தலைவாரிக்கொண்டு நின்ற ஆட்களும் உண்டு). பார்க்க ஒரு பெரிய இரும்புத் தூக்குவாளி மாதிரி இருக்கும், இரண்டு பேர் தூக்கணும். நடுவில் விரல் நகம் அளவுக்கு இரிடியம். அதிலிருந்து கதிர் வந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் கனமான உலோகக் கவசம் இருப்பதால், பூட்டி வைத்திருக்கும்வரை அது சாது. வேலை முடிந்ததும் அதைத் தனி அறையில், தரைக்குள் கட்டிய கான்கிரீட் குழியில் இறக்கி, ஈயம் வைத்த மூடியைப் போட்டு, இரண்டு பூட்டு போட வேண்டும். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று மேனேஜரிடம். இரண்டு சாவியும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. எடுத்தால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், வைத்தால் எழுத வேண்டும். பக்கத்தில் போகும்போது கதிரை அளக்கும் மீட்டர் கையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தக் கம்பெனியில் எழுதி ஒட்டியவளே நான்தான். பரீட்சை எழுதி, மேலிடத்தின் ஒப்புதல் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒப்புதல் போனால் வேலை போச்சு. மறுபடி எந்தக் கம்பெனியும் என்னை வாசலில் கூட நிற்க விடாது. பெண் குழந்தைக்கு ஏழு வயது, வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, அவருடைய சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் பீஸுக்கும் சரி. ஆகவே அந்த ஒப்புதல் காகிதத்தை நான் தாலியை விடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

மரியாதை? அது மட்டும் கிடைக்கவே இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என் பக்கத்து நாற்காலியைக் காலியாக விடுவார்கள். "உன் மேல இருக்கிறது எங்க மேல ஒட்டிக்குமாம்மா?" என்று நேரிலேயே கேட்ட பெரியம்மா உண்டு. என் மாமியார் வந்து தங்கினால் என் சேலையைத் தனியாகத் துவைப்பார். கம்பெனியிலோ நேர் எதிர். குழி மூடியின் மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரை நானே விரட்டியிருக்கிறேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் கிடையாது, பயப்படத் தேவையில்லாத இடத்தில் ஓட்டம். இந்த ஜனங்களுக்காக நான் வாரா வாரம் வகுப்பு எடுத்தேன். தூரம், நேரம், மறைப்பு. தள்ளி நில், சீக்கிரம் முடி, நடுவில் தடுப்பு வை. மூன்றே வார்த்தை. பாதிப் பேர் தூங்குவார்கள். முன் வரிசையில் ஸ்டோர்ஸ் முனிரத்தினம் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பூஜை அன்று காலையிலேயே மேனேஜர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா கீதா, கேமராவை எடுத்து வெளிய வை. பொட்டு வைக்கணும்."

"சார், அது குழியை விட்டு வெளியே வராது. வேலைக்குத் தவிர எதுக்கும் எடுக்கக் கூடாது."

"இன்னாம்மா பேசுற? லேத்துக்கு வைக்கிறோம், கிரேனுக்கு வைக்கிறோம், ஆபீஸ் கால்குலேட்டருக்குக் கூட வைக்கிறோம். நமக்குச் சோறு போடுறதே அதான். அதுக்கு மட்டும் இல்லைன்னா வருஷம் பூரா வெல்டிங்கு புட்டுக்கும்."

"சந்தனம் பூசினா எச்சரிக்கைக் குறி மறைஞ்சிடும் சார்."

"குறி மேல வைக்கல. ஓரமா வைக்கிறேன்."

அரை மணி நேரம் இந்தப் பேஜார். கடைசியில் நானே ஒரு சமாதானத்துக்கு வந்தேன். கேமரா வராது. அதற்குப் பதிலாக, அதைச் சேர்ந்தவற்றைப் பூஜையில் வைக்கலாம். ரெஜிஸ்டர் வைத்தேன். மீட்டர் வைத்தேன். "சாவி வைக்க மாட்டியா? அதுவும் ஆயுதம்தானே" என்றார். வைத்தேன். அவருடைய சாவி ஏற்கனவே தட்டில் குங்குமத்தோடு இருந்தது. என் சாவியை அதற்குப் பக்கத்தில், இரண்டும் இடிக்காமல் அழகாக வைத்து, ஒரு பூவும் வைத்தேன். விதியையும் காப்பாற்றி, சாமியையும் திருப்திப்படுத்திய பெருமையில், பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பூஜைக்கு முன்னாலேயே கிளம்பினேன். வீட்டிலும் பூஜை இருந்தது.

பண்டிகைக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து பிடித்த பஸ் மேல்விஷாரத்தில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு சாவியும் ஒரே தட்டில் இருக்கிறது. வைத்தவள் நான்.

இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப் பக்கம் வந்த முதல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு திரும்பினேன். மூன்றரை மணி இருக்கும். கேட்டில் வாழைமரம், உடைத்த பூசணிக்காய், பக்கத்துத் தோல் டேனரியிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு. பூஜை வைத்த ரூம் பூட்டியிருந்தது. மேனேஜர் அரக்கோணத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார், போன் சுவிட்ச் ஆஃப். சரி, குழி பூட்டியிருந்தால் போதும் என்று அந்த அறைக்கு ஓடினேன்.

பூட்டு இல்லை. ஒன்று கூட இல்லை. மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். உள்ளே கேமரா இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பழைய இரும்புக் கடை தோன்றியது. யாரோ அதைக் கிலோவுக்குப் போட்டு, சுத்தியலால் உடைத்து, அந்த நகம் அளவு துண்டைப் பளபளப்பாக இருக்கிறதே என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் காட்டுவது தோன்றியது. இது நான் கற்பனையில் கட்டியதல்ல, பரீட்சைக்குப் படித்தது. அதற்கு அப்புறம்தான் என் ஒப்புதல் காகிதம் தோன்றியது. வரிசை இதுதான், யார் என்ன சொன்னாலும் சரி.

வெளியே ஓடி வந்தேன். எதிரே முனிரத்தினம் வேகமாக வந்தார்.

"மேடம், வந்துட்டீங்களா? அது இன்னான்னா..."

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க!"

"மேடம், ஒரு நிமிஷம், நான் இப்ப அங்க உக்காந்து..."

"முனிரத்தினம், பேசறதுக்கு இது நேரமா? கேட்டுக்கு வெளியே போங்கன்றேன்!"

போனார். அவரையே முதலில் விரட்டினேன். மறுபடி ஒரு தடவை வாயைத் திறந்தார். நான் கையை ஓங்கினேன் என்று கம்பெனியில் ஒரு வதந்தி உண்டு. ஓங்கவில்லை. கேட்டைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. போலீஸுக்குப் போன் பண்ணினேன். சென்னையில் இருக்கும் ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் பண்ணினேன். வீட்டுக்காரருக்குப் பண்ணி, "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே நாட்றம்பள்ளி உங்க அக்கா வீட்டுக்குப் போய்டுங்க, ஏன்னு கேக்காதீங்க" என்றேன். அந்த மனுஷன் உண்மையிலேயே ஏன் என்று கேட்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, "எவ்ளோ தூரம் தள்ளி நிறுத்தணும் மேடம்?" என்றார். அளந்து சொல்லலாம் என்றால் மீட்டர் பூஜையில் இருக்கிறது. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றேன். அவர் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனி வந்தது. டேனரி வந்தது. வாழைக்கன்று கட்டிய டெம்போக்கள் வரிசையாக ஹைவேயில் நின்றன. ஐந்நூறு பேராவது இருக்கும், கையில் பொரி கடலையோடு. அணுகுண்டு செய்துகொண்டிருந்தோம் என்று ஒருத்தர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். டேனரி சூப்பர்வைசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். கதிரியக்கத்துக்கு மூக்கைப் பொத்துகிறார்! அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. பதினைந்து வருஷமாக அந்தத் தோல் நாற்றத்தில், அந்தக் குரோம் கழிவுத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வருகிற மனுஷர், அங்கெல்லாம் பொத்தாத மூக்கை இங்கே கொண்டுவந்து பொத்துகிறார். அந்தப் பதற்றத்திலும் எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், கையை எடுங்க, அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று கத்தினேன். இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். ஒல்லியான ஆள், தோளில் ஒரு பை, அதில் மீட்டர். குரலை உயர்த்தவே இல்லை. என்னோடு உள்ளே வந்தார். காலிக் குழியைப் பார்த்தார், அளந்தார். சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த அவசரகால வழிமுறையைப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். வாய்விட்டுப் படித்தார்.

"கருவி இடத்தில் இல்லாவிட்டால், முதலில் அதைக் கடைசியாகக் கையாண்டவரிடம் விசாரிக்கவும்."

"ஆமா சார்."

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"விசாரிச்சீங்களா?"

நான் வாசல் பக்கம் நடந்தேன். ஹைவேக்கு வந்தோம். அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் கூட அலட்டிக்கொள்ளாமல், "அந்தக் கேமராவைக் கடைசியாத் தொட்டது யாருங்க?" என்றார்.

போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், கடைசி வரிசையில், ஒரு கை மேலே போனது. முனிரத்தினம்.

"நான்தான் சார். ரெண்டரை மணி நேரமா சொல்லிக்கினே இருக்கேன். மேடம் போகச் சொல்லிட்டாங்க. இந்த சார்கிட்ட சொன்னா கயித்துக்குப் பின்னாடி நில்லுன்னுட்டாரு."

சப்-இன்ஸ்பெக்டர் திடீரென்று டிராபிக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

"கேமராவை எடுத்தப்பவே பாதுகாப்பு அதிகாரிகிட்ட ஏன் சொல்லல?" என்றார் சென்னைக்காரர்.

"பூஜை முடிஞ்சதுமே மூணு வாட்டி போன் பண்ணேன் சார், எடுக்கல. பஸ்ல சத்தம் போல. சரின்னு வாட்ஸ்அப்புல பேசி அனுப்பிட்டேன். இங்க வந்ததுக்கப்புறம் பண்ணா அவங்க போன் பிஸியாவே இருக்குது."

எல்லாரும் என் போனைப் பார்த்தார்கள். வந்திருந்தது. கேட்காமல் கிடந்தது. (தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் அனுப்புகிறவர் அவர். அதனால் அவர் பெயருக்கு வரும் சத்தத்தையே நான் நிறுத்தி வைத்திருந்தேன். இது என் குற்றமா? நீங்கள் நிறுத்தி வைத்தவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.)

"போடுங்க, கேட்போம்" என்றார் அதிகாரி.

தனியாகக் கேட்கிறேன் என்றேன். இங்கேயே போடுங்கள் என்றார். போட்டேன். ஹைவேயில் அந்த நேரம் பார்த்து ஒரு லாரி கூட வரவில்லை.

"மேடம், வணக்கம். முனிரத்தினம் பேசுறேன், ஸ்டோர்ஸ். டென்ஷன் ஆவாதீங்க, பொருள் பத்திரமா இருக்குது. இன்னா ஆச்சுன்னா, நீங்க போனதும் மேனேஜர் சார் தட்டுலருந்து சாவியை எடுத்துக் கேமராவை வெளிய கொண்டாந்துட்டாரு. பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டியாச்சு. திரும்ப வெக்கலாம்னு பார்த்தா, பூட்டு ரெண்டையும் பூஜையில வெச்சுட்டாரு, சாவியும் அங்கதான். கற்பூரம் காட்டினதை நாளைக்குத்தான் எடுக்கணும்னு ரூமைப் பூட்டிக்கினு போய்ட்டாரு. ரெஜிஸ்டரும் உள்ள மாட்டிக்கிச்சு, அதனால எழுத முடியல. பூட்டு இல்லாத குழில வெக்கக் கூடாதுன்னு நீங்க கிளாஸ்ல சொல்லிக்கிறீங்க. அதனால நானும் ரெண்டு பசங்களும் பின்னாடி காஞ்சி கிடக்குற தண்ணித் தொட்டில இறக்கி, ஸ்லாப்பு மூடி, மேல நாலு பாய்லர் பிளேட்டை சங்கிலி போட்டு ஏத்திட்டோம். சுத்திக் கயிறு கட்டிட்டேன். பசங்க போய்ட்டாங்க. நான் தள்ளி சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து காவல் இருக்கேன். தூரம், நேரம், மறைப்பு, மூணும் பார்த்துட்டேன். வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். டேனரி சூப்பர்வைசர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். ஒரு இன்ச் மாறாமல் அப்படியே இருந்தது. கயிற்றில் ஒரு அட்டை, அதில் கரியால் எச்சரிக்கைக் குறி. விசிறி மாதிரி மூன்று இதழும் சரியான அளவில். அதிகாரி மீட்டரை நீட்டினார். பிளேட்டுக்கு மேலே முள் அசையவே இல்லை. கிரேனை வரவழைத்துப் பிளேட்டை எடுத்து, ஸ்லாப்பை நகர்த்தினால், உள்ளே மாலையோடு கேமரா உட்கார்ந்திருந்தது. சந்தனம் ஓரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க முனிரத்தினத்தின் மேல் பாய்ந்தேன்.

"வெள்ளைத் தாள்லயாவது எழுதிக் கதவுல ஒட்டியிருக்கலாம்ல?"

"ஒட்டினேன் மேடம். நீங்க வந்த வேகத்துல கதவைத் தள்ளினீங்க, அது உள்பக்கமாப் போய்டுச்சு."

போய்ப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது.

அதிகாரி என் மேஜையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். நான் எதிரே நின்றேன், உட்காரத் தோன்றவில்லை. "ரெண்டு சாவியையும் ஒரே தட்டுல வச்சதுக்கே உங்க ஒப்புதலை ரத்து பண்ணலாம்" என்றார். தெரியும் சார் என்றேன். பேனாவை மூடினார். "ஆனா ஒரு ஸ்டோர்ஸ்காரர், மீட்டர் இல்லாம, பூட்டு இல்லாம, இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்காரு. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

வாசலில் நின்ற முனிரத்தினம் சொன்னார். "மேடம்தான் சார். வாரா வாரம்."

நான் கையை ஓங்கினேன் என்று கம்பெனியே சொல்லும்போது, அந்த ஆள் மட்டும் அதைச் சொல்லவில்லை. பேச விடவில்லை என்று கூடச் சொல்லவில்லை. மேடம்தான் சார் என்று மட்டும் சொன்னார். அந்த வாய்ஸ் மெசேஜை அறிக்கையோடு அனுப்பச் சொன்னார் அதிகாரி, பயிற்சி நடந்ததற்கு ஆதாரமாக. மேனேஜருக்கு நோட்டீஸ் வந்தது. எனக்கு எழுத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை வந்தது. ஒப்புதல் தப்பித்தது. நான் காதுகொடுத்துக் கேட்காத மெசேஜால் என் வேலை பிழைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள். முனிரத்தினத்திடம் நன்றி சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. சொன்னபோது, "பரவால்ல மேடம்" என்று ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.

அதிலிருந்து எங்கள் கம்பெனியில் கேமராவுக்குப் பதில் அதன் போட்டோவைத்தான் பூஜையில் வைக்கிறோம். பிரேம் போட்டு, மாலை போட்டு. புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "எப்ப தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக் கதை வேறு. கேமரா கிடைத்த சந்தோஷத்தில், நாட்றம்பள்ளிக்கு ஓடிய இரண்டு பேரையும் திரும்பி வரச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் வரை அவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடுப்பில் என் பெண் அந்த மெசேஜை என் போனில் போட்டுப் போட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டாள், முனிரத்தினத்தின் குரலோடு. நான் கண்ணாடியைத் தேடினாலும் சரி, உப்பு டப்பாவைத் தேடினாலும் சரி, உடனே ஆரம்பித்துவிடுவாள். சொந்தக்காரர்கள் வந்தால் பேசிக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டார்களே, அதே சொந்தக்காரர்கள்.

போன வருஷம் அவளைச் சென்னையில் காலேஜில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. ஆறு தடவை பண்ணினேன், எடுக்கவில்லை. வார்டனுக்குப் பண்ணினேன், பிஸி. மெட்ராஸில் போலீஸில் இருக்கும் சித்தப்பா மகன் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். "கொஞ்சம் இரு, மெட்ராஸைக் காலி பண்ணிடாதே" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு என்ன, நாட்றம்பள்ளிக்குப் போகச் சொன்னாலும் போவார்.

அப்போது அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. இந்தத் தடவை வந்த நொடியே அமுக்கினேன்.

"மேடம், வணக்கம். டென்ஷன் ஆவாதீங்க, பொருள் பத்திரமா இருக்குது. சாப்பிட்டீங்களா?"

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நான் போனை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.